அறுபது லிட்டர் பீரும் ஒரு குழலும்

விடிந்ததும் நில்டா எழுந்துவிடுவாள். அவள் வலது கையின் மூன்று விரல்கள் மட்டும் எழுவதற்கு அரைமணி நேரம் ஆகும். சூடான கெட்டிலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தால்தான் அவற்றுக்கு மெல்ல உயிர் வரும். அதற்குள் புருஷன் அன்செல்மோ மாத்தே தயார் செய்துவிடுவான். சுரைக்குடுக்கை நிறையக் கசப்பு இலைத்தூள், அதில் வெந்நீர், நடுவில் உலோகக் குழல். அவன் ஒரு குடுக்கை உறிஞ்சிவிட்டு அடுத்ததை ஊற்றி அவளிடம் நீட்டுவான். அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். மறுபடி ஊற்றுவான். எங்கள் ஊரில் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது "நன்றி" என்று சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்ற வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நில்டா அவனிடம் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. வெந்நீர் தீரும்வரை குடிப்பாள். அவர்கள் குடித்தனத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு கெட்டில் வெந்நீர்தான்.

அந்த விரல்களைத் தின்றது மெர்லூசா மீன். மார் தெல் பிளாத்தா துறைமுகத்தில் பதினாறு வயதில் மீன் வெட்டும் கம்பெனிக்குள் போனவள் நில்டா. வெள்ளை பூட்ஸ், வெள்ளை ஏப்ரன், கையில் மெல்லிய கத்தி, கணுக்கால்வரை ஐஸ் தண்ணீர். முள்ளில் ஒட்டாமல் சதையை இரண்டே இழுப்பில் எடுப்பாள். முப்பத்திரண்டு வருஷம் இழுத்தாள். கடைசியில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம் கத்தி புடிச்சீங்கன்னா, அப்புறம் கரண்டிகூடப் புடிக்க முடியாதும்மா."

கத்தியை அவளாக விடவில்லை. கம்பெனிதான் அவளை விட்டது. இரண்டாயிரத்துப் பதினெட்டு ஏப்ரலில் ஒருநாள் போனால் கேட்டில் பூட்டு. பத்து வருஷத்துக்கு முன்பே முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, 'இனி நீங்கள் தொழிலாளிகள் இல்லை, கூட்டுறவுப் பங்காளிகள்' என்று கையெழுத்து வாங்கியிருந்தார். அன்று கேக் வெட்டிக் கைதட்டினார்கள். பங்காளிக்கு எவன் நஷ்டஈடு கொடுப்பான்? ஒரு மாதம் கோஷம் போட்டு, டயர் கொளுத்தி, சாலையை மறித்ததில் ஆளுக்கு முப்பதாயிரம் பேசோ கிடைத்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முப்பதாயிரம். வருஷத்துக்கு ஆயிரம்கூட இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கூடவே மீன் வெட்டிய சுலேமா அதற்குள் நகரத்தில் ஒரு பீர்க் கடையில் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பல்வலி வந்த ஒரு வாரம் நில்டா அவளுக்குப் பதிலாகப் போனாள். அங்கே பின்கட்டில் பீர் காய்ச்சுகிற ஆளை ஒரு வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் சுலேமாவிடம் சொன்னாள்.

"அடியே, அந்த ஆளு என்ன வேலை பண்றான் தெரியுமா? கழுவுறான். பாத்திரம் கழுவுறான், குழாய் கழுவுறான், பீப்பா கழுவுறான். நடுவுல ஒரு மணி நேரம் அடுப்பு பத்த வைக்கிறான். மறுபடி கழுவுறான்."

"அதுக்கு?"

"கழுவுறதுக்கு என்னைவிட ஆளு இந்தத் துறைமுகத்துல இருக்காளா?"

சுலேமா வீங்கிய கன்னத்தோடு யோசித்தாள். "இல்லை" என்றாள். உண்மையும் அதுதான். அரசாங்கச் சோதனைக்காரர்கள் வருகிற நாளில் மேஸ்திரி நில்டாவின் மேஜையைத்தான் முதலில் காட்டுவான்.

பீர் சாமான் விற்கிற கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரன் தாடி வைத்த ஒரு நல்ல மனுஷன். சுவரில் கரும்பலகை, அதில் சாக்பீஸால் விலை. நில்டாவும் அன்செல்மோவும் போய் நின்றபோதே அவன் ஏணியில் ஏறி ஒரு வரியை அழித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் டாலரோட ஏறுதும்மா. கசப்புக்குப் போடுற பூ வெளிநாடு, ஈஸ்ட் வெளிநாடு, எஃகும் வெளிநாடு. இப்ப எழுதினது சாயங்காலம்வரைக்கும் தாங்குனா அதிர்ஷ்டம்."

அன்செல்மோவின் கண் பளபளவென்று நின்ற மூன்று பாத்திர வரிசையில் ஒட்டிக்கொண்டது. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் ஊறல், ஒன்றில் கொதிப்பு. இரும்பு ஸ்டாண்ட், பம்பு, காய்ச்சியதை ஆற வைக்கச் செம்புச் சுருள்.

"இதை இன்னைக்கே எடுத்துடு நில்டா. பணம் பையில இருந்தா கரையும். பாத்திரம் கரையாது."

எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். கையில் பேசோ வந்தால் சுடும், உடனே எதையாவது வாங்கிவிட வேண்டும். வீட்டில் குளியலறை இருக்காது, அதற்கு டைல்ஸ் வாங்கி அடுக்கியிருப்பார்கள்.

"பாத்திரத்தையே காய்ச்சிக் குடிப்பியா? வாற்கோதுமைக்கு யாரு பணம் குடுப்பா, உங்கப்பனா?" என்றாள் நில்டா.

தாடிக்காரன் சிரித்துவிட்டான். "ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு பாத்திரம், மூடி போட்ட ஒரு வாளி, ஒரு வெப்பமானி போதும்மா. சர்க்கரை அளக்குற மிதவை ஒண்ணு. பாட்டில் மூடி அழுத்துற கருவி ஒண்ணு. மிச்சமெல்லாம் ஆசை. யாவாரி நானே சொல்றேன்."

முப்பது லிட்டர் எஃகுப் பாத்திரம் ஒன்றே அவள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. அலுமினியம் போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் வலது கையால் அழுத்தித் தேய்க்க முடியாது, எஃகு என்றால் லேசாகத் துடைத்தாலே போகும். தானியம் ஊற வைக்கிற பையைச் சுலேமா தன் பழைய ஜன்னல் திரையில் தைத்துக் கொடுத்தாள். செம்புச் சுருளுக்குப் பதில் ஐஸ். துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம்? பண்டிகைக்கு மீன் வறுக்கிற பெரிய கேஸ் அடுப்பு வீட்டிலேயே இருந்தது. தெருவெல்லாம் அலைந்து காலி லிட்டர் பாட்டில்கள் சேர்த்தாள். சிலர் சும்மா கொடுத்தார்கள். கிளப் கேன்டீன்காரன் மட்டும் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்டான், கருமி.

முதல் பீர் நாசமாகப் போனது. அதற்குக் காரணமும் அவள் சுத்தம்தான். கம்பெனியில் கற்ற மாதிரி வாளி, பை, பாட்டில் எல்லாவற்றையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊற வைத்துவிட்டாள். சுலேமா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடி டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"ஏண்டி, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. இதைக் குடிச்சா காய்ச்சல் வருமா, போகுமா?"

இருபது லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினாள். அதில் அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. தாடிக்காரன்தான் சொன்னான்: குளோரின் பட்டால் பீர் அப்படித்தான் ஆகும். தண்ணீர் கலந்த ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஊற்றி அடித்தால் போதும். காய்ச்சிய பிறகு கையோ காற்றோ எச்சிலோ எதுவும் படக்கூடாது. அன்றிலிருந்து தெளிப்பான் அவள் ஏப்ரன் பையை விட்டு இறங்கவில்லை. கதவுக் கைப்பிடிக்கு அடித்தாள். அன்செல்மோ பின்கட்டுக்குள் வந்தால் அவன் கைக்கும் அடித்தாள்.

"நான் என்ன மீனா?" என்பான்.

"மீனா இருந்தா இவ்வளவு பயப்பட மாட்டேன்" என்பாள்.

இரண்டாவது பீர் நன்றாக வந்தது. மூன்றாவது மிகவும் நன்றாக வந்தது. செம்பு நிறம், அடர்த்தியான நுரை, முதலில் வறுத்த ரொட்டி மணம், கடைசியில் நாக்கின் பின்பக்கம் நிற்கிற கசப்பு. சுலேமா ஒரு டம்ளர் குடித்தாள். இரண்டாவது குடித்தாள். மூன்றாவதை ஊற்றிக்கொண்டுதான் வாயைத் திறந்தாள்: "முப்பத்திரண்டு வருஷம் நாம எதுக்குடி மீன் வெட்டுனோம்?"

தெருவில் விற்றது. டாக்ஸி ஸ்டாண்டில் விற்றது. வந்த பணமெல்லாம் அடுத்த மூட்டைக்கே போனது. ஆனாலும் விரல்கள் காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழ ஆரம்பித்தன. அப்போதுதான் கிளப்பின் பேச்சு வந்தது.

கலங்கரை கிளப் எங்கள் பேட்டையின் கிளப். சிறுவர் பந்தாட்டம், கிழவர்கள் சீட்டாட்டம், ஒரு கேன்டீன். பதினெட்டு வருஷமாக அமில்கார்தான் தலைவர். பழைய படகு முதலாளி, பெரிய தொண்டை, பெரிய வயிறு, கையில் எப்போதும் மாத்தே குடுக்கை. வாடகைக் கார் ஓட்டுகிற அன்செல்மோவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான்: கிளப் கமிட்டியில் ஒரு நாற்காலி. அமில்கார் அந்த நாற்காலியை நாலு வருஷமாக அவனுக்குக் காட்டிக்கொண்டும் கொடுக்காமலும் இருந்தார்.

அமில்கார் டாக்ஸி ஸ்டாண்டில் அந்தப் பீரைக் குடித்துவிட்டு ஆளனுப்பி நில்டாவைக் கூப்பிட்டார். "அக்டோபர்ல கிளப்புக்கு எழுபது வயசு. ஆண்டு விழாவுக்கு அறுபது லிட்டர் குடு. ஜனங்களுக்குப் புடிச்சுதுன்னா, கேன்டீன்ல வாராவாரம் உன் பீர்தான். எழுதியே குடுத்துடறேன்" என்றார்.

வாராவாரம். நில்டா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். வாரத்துக்கு அறுபது லிட்டர் போனால் மறுபடி கத்தியைத் தொட வேண்டியதில்லை. கையைப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்தக் கைக்கு ஒரு நல்ல காலம் தெரிந்தது.

கையில் இருந்த மொத்தப் பணத்துக்கும் மால்ட், அதுதான் அந்த முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, பூ, ஈஸ்ட் எல்லாம் அறுபது லிட்டருக்கு வாங்கினாள். நொதிக்க வைக்க மூன்று வாளி வேண்டும். மூன்று வாளிக்கு மூன்று மூடி, மூன்று காற்றுப்போக்கி, மூன்று குழாய். ஒரே பெரிய பீப்பாய் என்றால் பாதி விலை. பீப்பாயை எடுத்தாள்.

"எல்லாத்தையும் ஒரே பீப்பாயிலயா?" என்றாள் சுலேமா.

"பணம் இருந்தா ஏழு பீப்பாயில ஊத்துவேன். இருக்கா?"

அடுத்த இரண்டாம் நாள் பேசோ தலைகுப்புற விழுந்தது. தாடிக்காரன் கரும்பலகையைச் சுத்தமாக அழித்துவிட்டு, விலை தெரியாததால் விற்பனை இல்லை என்று எழுதிவிட்டான். ஒரு வாரம் கழித்து எழுதிய விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்செல்மோ குதித்தான்: "பார்த்தியா, நல்லவேளை முன்னாடியே வாங்கினோம்!" நில்டாவுக்கு வேறொன்று புரிந்தது. இந்த அறுபது லிட்டர் கெட்டால், இன்னொரு அறுபது லிட்டர் அவளால் காய்ச்ச முடியாது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினாள். ஒருமுறைக்கு இருபது லிட்டராக மூன்று முறை. சுலேமா பையைப் பிழிந்தாள், அன்செல்மோ ஐஸ் சுமந்தான். அவன் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. முதுகு ஒடியச் சுமந்தான். ஈஸ்ட் போட்டுப் பீப்பாயை மூடிய மறுநாள் காற்றுப்போக்கியில் குமிழ் வர ஆரம்பித்தது. நில்டா ஸ்டூலைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

பத்தாம் நாள் அமில்கார் வந்தார். தனியாக அல்ல, கமிட்டி ஆட்கள் இருவர் பின்னால். மூன்று பேரும் வரும் வழியெல்லாம் ஒரே குடுக்கையில் மாத்தே உறிஞ்சிக்கொண்டே வந்தார்கள். அன்செல்மோ வாசலிலேயே ஒரு குடுக்கை வாங்கி உறிஞ்சினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எங்க நம்ம பீர்?" என்றார் அமில்கார்.

"இங்க வாங்க தலைவரே, நான்தான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றான் அன்செல்மோ. நான்தான். நில்டா அதையும் கேட்டுக்கொண்டாள்.

அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் ஆல்கஹால் அடித்து, பீப்பாயின் அடிக்குழாயில் பிடித்து ஊற்றப் போனாள். "இன்னும் முழுசா ஆகலை தலைவரே. கொஞ்சம் இதுல ருசி பாருங்க."

"டம்ளர் எதுக்கு? அடியில கசடுதான் வரும். ருசி மேலதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனுஷன் பீப்பாயின் மூடியைத் திருகித் தூக்கிவிட்டார். நில்டா "ஐயோ" என்பதற்குள் தன் குடுக்கையிலிருந்து குழலை உருவினார். மாத்தேயில் குழலை அசைப்பது மரியாதை இல்லை என்று, வேறு யாராவது அதைக் கொஞ்சம் அசைத்தாலே கையில் அடிக்கிற ஆள் அவர். பச்சை இலைத்தூள் ஒட்டிய, நாலு பேர் வாய் வைத்த அந்தக் குழலை உதறிவிட்டு, பீருக்குள் விடக் குனிந்தார்.

நில்டாவின் கை தெளிப்பானோடு முன்னால் போனது. "தலைவரே, ஒரு நிமிஷம், அதைக் கொஞ்சம்..."

அன்செல்மோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கிற கையை. "விடு நில்டா. தலைவர் வாயில என்ன விஷமா இருக்கு?"

கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். அமில்கார் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவர் குழலில் வாய் வைக்க அருவருப்பதும் அவர் முகத்தில் துப்புவதும் ஒன்றுதான். ஆஸ்பத்திரி வார்டில்கூட ஒரே குழல்தான் சுற்றும். அவள் அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'எடுங்க வெளிய' என்று கத்தியிருக்க வேண்டும். வாராவாரம் அறுபது லிட்டர் அவள் கண்முன் நின்றது. தெளிப்பானைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

குழல் உள்ளே போனது. அமில்கார் இரண்டு இழுப்பு இழுத்தார். "பிரமாதம்!" என்றார். குழலை அடுத்தவரிடம் கொடுத்தார், அவரும் விட்டு இழுத்தார். மூன்றாவது ஆளும் இழுத்தார். கடைசியில் அன்செல்மோவும் இழுத்தான்.

அவர்கள் போன பிறகு நில்டா மூடியைத் திறந்து பார்த்தாள். பீரின் மேல் இரண்டு மூன்று பச்சைத் துணுக்குகள் மிதந்தன.

நாலு நாள் கழித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் ஏதோ லேசாகக் கூசியது. சுலேமாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். சுலேமா இரண்டு முறை குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலைடி. நீ பயந்து பயந்து நாக்கு செத்துப்போச்சு" என்றாள். அன்செல்மோ, "எலுமிச்சை புழிஞ்ச மாதிரி ஒரு துடிப்பு. ஜனங்களுக்குப் புடிக்கும்" என்றான். கொட்டிவிட்டு மறுபடி காய்ச்ச வழியிருந்தால் அன்றே கொட்டியிருப்பாள். தாடிக்காரனிடம் கடன் கேட்டாள். அவன் கைகளை விரித்தான். அவனே கடையை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அறுபது பாட்டிலில் அடைத்து மூடியை அழுத்தினாள். ஒவ்வொரு மூடிக்கும் விரல் கத்தியது.

ஆண்டு விழா அன்று நல்ல வெயில். கிளப் முற்றத்தில் நாலு ஆள் நீளத்துக்குக் கரியில் மாட்டு விலா வாட்டினார்கள். நில்டா முடியை வாரி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, ஐஸ் தொட்டியில் பாட்டில்களை வரிசையாக வைத்தாள். ஒப்பந்தக் காகிதம் அமில்காரின் சட்டைப்பையில் இருந்தது. அதன் முனையை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"இது நம்ம பேட்டையோட பீர்!" என்று மைக்கில் முழங்கிவிட்டு, அமில்கார் தானே முதல் பாட்டிலைத் திறந்தார். மூடி பறந்தது. நுரை பாட்டிலை விட்டுப் பீய்ச்சி அவர் முகம், சட்டை, மைக் எல்லாவற்றிலும் அடித்தது. முற்றம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துக்கொண்டே மிச்சத்தை டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். சிரிப்பு நின்றது. தரையில் துப்பினார்.

"காடி! சாலட்டுல ஊத்துற காடி இது!"

இரண்டாவது பாட்டிலும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. ஜனங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு பழைய கடைப் பீருக்குப் போனார்கள். யாரோ ஒருத்தன், "நில்டா, இதுல மீனை ஊறப்போடு, நல்லா இருக்கும்!" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

"அடுப்படியில காய்ச்சுனா இப்படித்தான்" என்றார் அமில்கார் எல்லோருக்கும் கேட்க. "அன்னைக்கு வந்து குடிச்சப்பவே எனக்கு ஒரு சந்தேகம். பாவம், சொல்ல மனசு வரலை."

நில்டா கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை வாயை மூடவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பிரமாதம்னு. நல்லாத்தான் இருந்துச்சு. நாலு பேர் எச்சில் குழலை மாத்தேயிலிருந்து உருவி என் பீப்பாயில விட்டீங்களே, அதுக்கப்புறந்தான் புளிச்சுது. பீரைக் கெடுத்தது நீங்க."

கரியில் கொழுப்பு சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அமில்காரின் முகம் சிவந்தது.

"என் குழலா?" என்றார். "எழுபது வருஷமா இந்த ஊர்ல எல்லாரும் ஒருத்தர் குழல்ல ஒருத்தர் குடிக்கிறோம். எவன் செத்தான்? என் வாய் அழுக்குன்னு சொல்றியா நீ?"

நில்டா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று கூட இருந்தவர்களில் அவளுக்காகப் பேசக்கூடியவன் அவன் ஒருவன்தான். மணிக்கட்டைப் பிடித்தவனும் அவன்தான். ஒரு வார்த்தை போதும். 'ஆமா தலைவரே, நானும்தான் விட்டேன்' என்றால் போதும்.

அன்செல்மோ இரண்டு கையையும் கூப்பாத குறையாக முன்னால் வந்தான். "மன்னிச்சுக்கங்க தலைவரே. ஆத்திரத்துல பேசுறா. இவளுக்குக் கை சரியில்லை, உங்களுக்கே தெரியும். முன்ன மாதிரி கழுவ முடியறதில்லை. சுத்தம் பத்தலை, அவ்வளவுதான்."

சுத்தம் பத்தலை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கச் சோதனைக்காரனுக்கு முதலில் காட்டிய மேஜை அவளுடையது. பீர் புளித்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள். கூட்டத்திலிருந்து சுலேமா, "அடப் பாவி மனுஷா!" என்று கத்தியது கேட்டது. நில்டா தொட்டியில் மிச்சமிருந்த பாட்டில்களைக் கூடையில் அடுக்க ஆரம்பித்தாள். அமில்கார் சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்து முகத்தில் காய்ந்திருந்த பீர்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டார்.

சாமான்களை நவம்பரில் விற்றாள். தாடிக்காரன்தான் வாங்கிக்கொண்டான். பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஒரு கீறல்கூட இல்லையேம்மா, இதைப் புதுசுன்னே விக்கலாம்" என்றான். வாங்கியதைவிட ஆயிரத்து எண்ணூறு பேசோ கூடவே கொடுத்தான். அன்செல்மோ நோட்டுகளை எண்ணிவிட்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்ல! பாத்திரம் கரையாதுன்னு. லாபம்!" என்றான். கரும்பலகையில் அதே பாத்திரத்தின் புது விலையை நில்டா படித்தாள். கையில் இருந்த மொத்தப் பணத்துக்கும் அந்த ஒரு பாத்திரம்கூட வராது. மூடி வேண்டுமானால் வரும்.

டிசம்பரில் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. அன்செல்மோவுக்குக் கமிட்டியில் நாற்காலி கிடைத்தது. சட்டையில் குத்திக்கொள்ள கிளப் பேட்ஜும் கொடுத்தார்கள். நில்டாவுக்குத் துறைமுகத்தின் கடைக்கோடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கொட்டகையில் மீன் வெட்டுகிற வேலை கிடைத்தது. பெட்டிக் கணக்கில் கூலி. கையெழுத்தும் இல்லை, காகிதமும் இல்லை. இந்தத் தடவை பங்காளி என்றுகூட யாரும் சொல்லவில்லை.

வேலைக்குப் போகிற முதல் நாள் காலை அவள் வழக்கம்போல் கெட்டிலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் எழவில்லை. பூட்ஸ் வாசலில் இருந்தது. சட்டையில் பேட்ஜோடு அன்செல்மோ எதிரில் உட்கார்ந்து, கமிட்டியில் தான் பேசப்போவதையெல்லாம் சொல்லிக்கொண்டே மாத்தேயை ஊற்றினான். தான் ஒரு குடுக்கை உறிஞ்சினான். அடுத்ததை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

அவள் குழலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடிவரை உறிஞ்சினாள். இடது கையால் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி" என்றாள்.

அன்செல்மோ காதில் வாங்காமல், பேசிக்கொண்டே மறுபடி ஊற்றினான். கெட்டில் நிறைய வெந்நீர் இருந்தது. குடுக்கையை நீட்டினான். "இந்தா."

நில்டா அதற்குள் எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நன்றின்னு சொன்னேன், அன்செல்மோ."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவன் நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தான்.